பிள்ளைத் துணிக்குக் காவல்

ஒச்சாண்டியிடம் உருப்படியான வேட்டி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கம்பம் சந்தைக்கும் அதுதான், கல்யாணம் காதுகுத்துக்கும் அதுதான். ஐப்பசி அமாவாசையன்று, காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் தொப்பலாக நனைந்து, மாட்டைக் கொட்டத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவன், அந்த வேட்டியின் முனை தன் அக்கா சுப்புத்தாயின் பல்லுக்கு நடுவே இருப்பதைப் பார்த்தான். அடுத்து சர்ரென்று ஒரு சத்தம். வேட்டி இரண்டாகிவிட்டது.

“அக்கா! அது எஞ் சந்த வேட்டிக்கா!”

“இனிமே சந்தைக்குத் துண்டக் கட்டிக்கிட்டுப் போ. ஒனக்கு ஆம்பளப் பிள்ள பெறந்திருக்கு” என்றாள் சுப்புத்தாய், அடுத்த முனையைப் பல்லில் கொடுத்துக்கொண்டே.

தகப்பனான சேதி ஒச்சாண்டிக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. வேட்டி போன வருத்தமும் மகன் பிறந்த சந்தோஷமும் ஒன்றாக வந்ததில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், ஈரத் தலையோடு நின்று இளித்தான்.

பிறந்த பிள்ளையின் மேல் புதுத்துணி படக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பல வருசம் துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த வேட்டிதான் பிள்ளையின் தோலுக்கு ஆகும். காமயகவுண்டன்பட்டியில் அப்படிப் பதமான வேட்டி யார் யார் வீட்டில் கிடக்கிறது என்று சுப்புத்தாய் முன்கூட்டியே நோட்டம் பார்த்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் தம்பி வேட்டிதான் பதம். உறுத்தும் என்று கரையைத் தனியே கிழித்து ஒதுக்கினாள். மிச்சத்தைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் தன் கன்னத்தில் ஒருமுறை தேய்த்துப் பார்த்து அடுக்கினாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் வயதில் நிறைய வித்தியாசம். தாய் செத்த பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வெளியே ஒச்சாண்டிக்கு முரடன் என்று பெயர். மீசை அப்படி, தொண்டை அப்படி. ஆனால் வீட்டுக்குள் அவள் “ஏலே” என்று ஒரு குரல் கொடுத்தால் அந்த மீசை தானாகத் தொங்கிவிடும். அவன் பெண்டாட்டி பவுனுக்கும் தாய் இல்லை. இருந்திருந்தால் தலைப்பிரசவம் உத்தமபாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் நடந்திருக்கும். தாய் இல்லாத குறை தெரியக் கூடாது என்று சுப்புத்தாய் வெந்நீரும் பத்தியமும் மருந்துமாகத் தாங்கினாள். தாயைவிட ஒரு பங்கு கூடவே தாங்கினாள் என்று சொல்ல வேண்டும், அதில்தான் சிக்கலே வந்தது.

அமாவாசையில் பிறந்தவனுக்கு அம்மாவாசி என்று பெயர் வைத்தார்கள். அவனுடைய துணி துவைக்கும் வேலையை சுப்புத்தாய் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காலையில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் போவாள். எல்லாரும் குளிக்கிற இடத்தைத் தாண்டி, தண்ணீர் வயலுக்குத் திரும்பும் முனையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக ஓட்டத்தில் பிடித்து அலசுவாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் ஊறப்போட்டு, உள்ளங்கையால் பிசைவாள். சவுக்காரக்கட்டி கம்பத்துக் கடைகளில் கிடைத்தது. பிள்ளைக்குக் காந்தும் என்று அதை அவள் தொடவில்லை. பிறகு மறுபடி வாய்க்கால், மறுபடி அலசல்.

பிள்ளைத் துணியைக் கல்லில் அடிக்கக் கூடாது, அடித்தால் பிள்ளைக்கு உடம்பு வலிக்கும். முறுக்கிப் பிழியக் கூடாது, பிழிந்தால் பிள்ளை முறுக்கிக்கொண்டு அழும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அமுக்கித் தண்ணீரை வடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் அக்காவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று ஒச்சாண்டி ஒரு துணியை எடுத்து இரண்டு முறுக்கு முறுக்கினான். வடம் திரிக்கிற கை. சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் கொட்டியது. பெருமையோடு நிமிர்ந்தால் எதிரே அக்கா.

“அடப் பாவி! பிள்ள இடுப்பு என்னத்துக்குடா ஆகும்?”

அவள் அதைப் பிடுங்கி விரித்து, நீவி நீவிச் சரிசெய்து கொண்டிருக்கும்போதே உள்ளே அம்மாவாசி வீலென்று அழுதான். பிள்ளைகள் எதற்கும் அழும். ஒச்சாண்டி மட்டும் தன் கைதான் காரணம் என்று நம்பிவிட்டான். அதற்குப் பிறகு பிள்ளைத் துணி இருக்கிற பக்கமே அவன் கையை நீட்டவில்லை.

இதெல்லாம் சின்னச் சட்டம். பெரிய சட்டம் ஒன்று உண்டு. பிள்ளைத் துணியை வானம் பார்க்கக் காயப்போடக் கூடாது. மேலே ஒரு பறவை பறந்து, அதன் நிழல் துணியில் விழுந்து, அந்தத் துணியைப் பிள்ளைக்குக் கட்டினால் பட்சிதோஷம். கை மடங்கிக்கொள்ளும், கால் சூம்பும், பால் இறங்காது. ஊரில் மற்றப் பெண்களும் இதை நம்பினார்கள்தான். அவர்கள் பொழுது சாய்ந்து பறவைகள் அடையப் போவதற்கு முன்னால் துணியை எடுத்துவிடுவார்கள், அதோடு சரி. சுப்புத்தாய்க்குப் பட்டப்பகலும் ஆகாது.

காரணம் ஊருக்கே தெரியும். இருபது வருசத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்து ஊரையே வாரிக்கொண்டு போனதே, அந்த வருசம் சுப்புத்தாயின் புருசன் போனான். அவளும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். தவழுகிற வயதில் ஒரு பிள்ளை, சுருளி என்று பெயர். கிளுவை வேலியில் காயப்போட்ட அவன் துணியை எடுத்து வைக்க ஆளில்லை. இருட்டும் வரை அங்கேயே கிடந்தது. நாலைந்து நாளில் பிள்ளை கையை இறுக்கி மடக்கிக்கொண்டது, கண் செருகியது, போய்விட்டது. துக்கம் கேட்க வந்த பெண்கள், துணியை வெளியே போட்டுவிட்டாளே, பறவை பறந்துவிட்டதே என்றார்கள். சொன்னவர்களுக்கு மறுவாரம் அது மறந்திருக்கும். சுப்புத்தாய் இருபது வருசமாக அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நடந்தாள். சுருளி என்ற பெயரை அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அதனால் அம்மாவாசியின் துணி வீட்டுக்குள்ளேயேதான் காய்ந்தது. காய்ந்தது என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான். அந்த வருசத்து மழை ஐப்பசி முடிந்தும் ஓயவில்லை. ஒரே அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீடு. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி வரிசையாகத் துணி. ஒச்சாண்டி குனிந்துதான் உள்ளே வருவான், நிமிர்ந்தால் ஈரத் துணி மீசையில் அப்பும். சுப்புத்தாய் கூடையைக் கவிழ்த்து அடியில் தணல் வைத்து, மேலே துணியைப் பரப்பிப் புகை காட்டுவாள். பிள்ளையை முகர்ந்தால் அடுப்படி வாசம் வரும். எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள்.

பழகாதது அம்மாவாசியின் தோல். கார்த்திகையில் தொடை இடுக்கு சிவந்தது. பிறகு பின்பக்கம். பிறகு தோல் உரிந்து இரத்தம் கசிகிற புண்ணாகிவிட்டது. மூத்திரம் பட்டால் வீரிட்டு அழுவான். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மாரை விட்டுவிட்டு அழுவான். வேப்பெண்ணெய் போட்டாள் சுப்புத்தாய், மஞ்சள் போட்டாள், வசம்பைச் சுட்டு உரசிப் போட்டாள். எதற்கும் கேட்கவில்லை. குண்டாகப் பிறந்த பிள்ளையின் தொடை தொளதொளத்துப் போயிற்று. ஒச்சாண்டி மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாக்கில் கொட்டத்துக்குப் போய் நின்றுகொள்வான். பிள்ளை அழுகிற சத்தம் அங்கேயும் கேட்கும். காளையின் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, சாமி, என் தோலை உரித்துக்கோ என்று வேண்டுவான்.

ஒருவழியாக மழை விட்டு வெயில் வந்தது. வந்தும் துணி வீட்டுக்குள்ளேயே தொங்கியது. பவுனு ஒருநாள் அவனை அடுப்படிக்குள் இழுத்து ஒரு துணியை அவன் கையில் கொடுத்தாள்.

“தொட்டுப் பாருங்க. முந்தாநேத்துப் போட்டது. ஜில்லுன்னு இருக்கா இல்லையா? இதத்தான் பிள்ள இடுப்புல கட்டுறோம். ஒரு நா வெயில் காட்டினா போதும். எங்க ஊர்ல எல்லாரும் வெளியதான் போடுவாக.”

“அக்காகிட்டச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“வஞ்சாளா?”

“வஞ்சாகன்னாத்தான் பரவாயில்லையே” என்றாள் பவுனு. அவள் கண் நிறைந்திருந்தது. “கையில இருந்த செம்பு கீழ விழுந்திருச்சு. அப்படி நடுங்குறாக. ‘துணி வெளிய போச்சுன்னா நான் இந்த வீட்ட விட்டுப் போயிருவேன், இன்னொரு பிள்ளையத் தூக்கிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல’ன்னாக. நான் என்ன சொல்லட்டும்?”

ஒச்சாண்டி துணியைத் திருப்பிக் கயிற்றில் போட்டான். வெளியே போட்டால் அக்கா போய்விடுவாள். போடாவிட்டால் பிள்ளை தேய்ந்துகொண்டே போவான். யாரையாவது தூக்கிப் போட்டு மிதித்தால் தீரும் காரியம் என்றால் ஒரு நொடியில் முடித்திருப்பான். இது அந்த வகையைச் சேர்ந்ததில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தான்.

அப்போது நெல் அறுப்புக் காலம். சுப்புத்தாய் காலையில் துணியைத் துவைத்துக் கயிற்றில் போட்டுவிட்டு அறுப்புக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். அவள் தலை மறைந்ததும் ஒச்சாண்டி பாதித் துணியை உருவிக் கம்பளிக்குள் சுருட்டிக்கொண்டு தன் சோளக்காட்டுக்கு நடந்தான். கயிறு காலியாகத் தெரியாமல் மிச்சத் துணியைப் பவுனு பரப்பிப் போட்டாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற பறவையெல்லாம் கூடுகிற இடம் எது என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் பால் பிடித்த சோளக்காடு என்றுதான் சொல்லும். பறவை படாமல் துணி காயவைக்க ஒச்சாண்டி தேர்ந்தெடுத்த இடம் அதுதான். அவனைக் கேட்டால் நியாயம் வைத்திருப்பான். கவண் அங்கே இருக்கிறது. குவித்து வைத்த கல் இருக்கிறது. தட்டுவதற்கு மண்ணெண்ணெய்த் தகரம் இருக்கிறது. பரண் மேல் ஏறி நின்று பறவை விரட்டுவதுதான் அந்த மாசம் முழுக்க அவன் வேலை. அத்தோடு இந்த வேலையையும் சேர்த்துக்கொண்டால் போயிற்று.

பரண் காலிலிருந்து கிணற்றுமேட்டுக் கல்தூண் வரைக்கும் கயிறு கட்டினான். துணிகளை வரிசையாகப் போட்டான். பரண் மேல் ஏறினால் துணிக்கு நேர் மேலே உள்ள வானம் சரியாகத் தெரியவில்லை என்று கீழே இறங்கி, கயிற்றுக்குப் பக்கத்தில் கவணோடு நின்றுகொண்டான். சிட்டுக்குருவி ஒன்று அந்தத் திக்கில் வந்தாலும் கல் பறந்தது. காட்டின் மறுகோடியில் கிளிகள் கதிர்மேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றன. அந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

பக்கத்துக் காட்டுக்காரன் முத்துவீரன் வரப்பு வரைக்கும் வந்து பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஏலே மாப்ள! கதிரக் கிளிக்கு விட்டுட்டு பீத்துணிக்குக் காவல் நிக்கிற மொத ஆளு நீதாண்டா!”

“வாய மூடிட்டுப் போயிரு. ஒன் வாயிலதான் அடுத்த கல்லு” என்றான் ஒச்சாண்டி, வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இவ்வளவு காவல் இருந்தும், வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் மேற்கே மலைப்பக்கத்திலிருந்து ஒரு கிளிக்கூட்டம் வந்தது. கத்தினான், தகரத்தைத் தட்டினான், கல்லை விட்டான். கூட்டம் மிரண்டு சோளத்தை விட்டு விலகித் திரும்பி, சரியாகக் கயிற்றுக்கு மேலே பறந்து போனது. வெள்ளைத் துணி ஒவ்வொன்றின் மேலும் நிழல் ஓடியதை அவன் கண்ணால் பார்த்தான். கவணைக் கீழே போட்டான்.

துணியைக் கிணற்றில் போட்டுவிடலாம் என்று உருவினான். உருவிய துணி கையில் சுள்ளென்று சூடாக இருந்தது. எடையே இல்லை. முகத்தில் வைத்துப் பார்த்தான். புகை வாசம் போயிருந்தது, வெயில் வாசம் வந்திருந்தது. வீட்டுக் கயிற்றில் தொங்கும் சில்லிட்ட துணியை நினைத்தான், மூத்திரம் பட்டதும் பிள்ளை வீரிடுகிற சத்தத்தை நினைத்தான். அக்காவின் நடுங்குகிற கையையும் நினைத்தான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாத் துணியையும் மடித்துக் கம்பளிக்குள் வைத்தான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்த மாதிரி பயந்து பயந்து அவன் எந்தக் காலத்திலும் நடந்ததில்லை.

கிளிக்கூட்டத்தைப் பற்றிப் பவுனிடமும் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகு தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அம்மாவாசி இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு தூங்கினான். கைப்பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான் தூங்கும். புதுத் தகப்பனுக்கு அது எங்கே தெரியும்? தன் தடித்த விரலால் அந்தச் சின்னக் கையை நெம்பித் திறந்து பார்த்தான். கை திறந்துகொண்டது, அவன் விரலை இறுக்கிப் பிடித்தது, விடவே இல்லை. ஒச்சாண்டி விரலை உருவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். பல நாளுக்குப் பிறகு பிள்ளை அன்றைக்குத்தான் அழாமல் தூங்கினான்.

மறுநாளும் துணி காட்டுக்குப் போனது. அதற்கு மறுநாளும் போனது. ஒச்சாண்டி விரட்டினான், பறவைகளும் தங்கள் பாட்டுக்குப் பறந்தன. காகம் போகும், மைனா போகும், புறா போகும். எத்தனையைத்தான் ஒருத்தன் விரட்ட முடியும்? ஒவ்வொரு சாயங்காலமும் திருடனைப் போல வந்து பிள்ளையின் கையைத் திறந்து பார்ப்பான். புண் காய்ந்து பொருக்கு விட்டது. பொருக்கு உதிர்ந்த இடத்தில் இளந்தோல் வந்தது. அம்மாவாசி வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுக் காலை உதைக்கத் தொடங்கினான்.

“பாத்தியா, என் வேப்பெண்ண கேட்டுருச்சு” என்று சுப்புத்தாய் பவுனிடம் பெருமையடித்துக்கொண்டாள். பவுனு தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் மதினி என்றாள். பிள்ளையைத் தூக்கிய சுப்புத்தாய், புண் ஆறிவிட்ட தைரியத்தில், அவன் இடுப்பில் முகத்தைப் புதைத்தாள். புதைத்தவள் சட்டென்று நின்றாள். மறுபடி முகர்ந்தாள். துணியின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். பிள்ளையைப் பவுனு மடியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் வழக்கம்போல அறுப்புக்குப் போனாள். உச்சிவெயிலில், இடுப்பில் அரிவாளோடு, சோளக்காட்டு வரப்பில் வந்து நின்றாள்.

ஒச்சாண்டி ஒரு கையில் கவணும் ஒரு கையில் கல்லுமாக இருந்தான். முதுகுக்குப் பின்னால் அத்தனை துணியும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மறைக்க வழியில்லை. மறைக்கப் பார்த்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கயிற்றுக்கு முன்னால் நின்றான், மலை மாதிரி ஆள்.

“தள்ளு” என்றாள். தள்ளி நின்றான்.

“எத்தன நாளா?”

“ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்க்கா.”

“பறவ பறந்துச்சா?”

ஒன்றைக்கூட விடவில்லை அக்கா என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அப்படிச் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தவனுக்குப் பொய் வரவில்லை. இருபது வருசமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒரு கேள்வியைக் கேட்கிறவள் மாதிரி அவள் நின்றாள்.

“பறந்துச்சுக்கா. மொத நாளே ஒரு கிளிக்கூட்டம், நேரா இந்தத் துணி மேலயே போச்சு. நெழலு விழுந்தத எங் கண்ணால பாத்தேன். அப்புறம் நெதமும் பறக்கத்தான் செஞ்சுச்சு. என்னால முடியலக்கா.”

“அந்தத் துணியவா பிள்ளைக்குக் கட்டுன?”

“ஆமாக்கா.”

அடிக்கப் போகிறாள் என்று நினைத்து ஒச்சாண்டி கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அடி விழவில்லை. சுப்புத்தாய் மெல்ல வரப்பில் உட்கார்ந்தாள். கயிற்றில் ஆடுகிற துணியைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள்.

“காலையில பிள்ள என்னப் பாத்துச் சிரிச்சான்” என்றாள்.

“ஆமாக்கா.”

“கை காலு நல்லா ஒதைக்கிறான். பால் ஒழுங்காக் குடிக்கிறான்.”

“ஆமாக்கா.”

“அப்ப... எஞ் சுருளிக்கு?”

அந்தப் பெயரை அவள் குரலில் கேட்டதும் ஒச்சாண்டி கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். அப்போது அவன் பத்து வயதுப் பையன். அக்கா பாயில் கிடக்க, சுருளியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றது அவனுக்கு நினைவிருக்கிறது. பிள்ளையின் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்ததும் நினைவிருக்கிறது. அதை இத்தனை வருசத்தில் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய்க் குந்தினான்.

“அக்கா, நான்தானே அவனத் தூக்கி வச்சிருந்தேன். ஒடம்பு கொதிச்சுச்சுக்கா. ஒனக்கு எப்படிக் கொதிச்சுச்சோ அப்படி. மச்சான் போனாகளே, அவுக துணி மேல பறவையா பறந்துச்சு? அந்த வருசம் நம்ம தெருவுல வீட்டுக்கு ஒண்ணு போச்சு. அது காய்ச்சல்க்கா. ஒன் துணி இல்ல. நீ ஒண்ணும் பண்ணல.”

சுப்புத்தாய் அழுதாள். புருசன் செத்தபோது அழ நினைவில்லை, பிள்ளை செத்தபோது அழ அருகதை இல்லை என்று நினைத்தாள். இப்போது வெட்டவெளியில், சோளக்காட்டு வரப்பில், வாய்விட்டு அழுதாள். ஒச்சாண்டி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான். கேலி பேச வரப்புக்கு வந்த முத்துவீரன் ஒரு கணம் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்த் தன் காட்டுத் தகரத்தைத் தட்டத் தொடங்கினான்.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சோளத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பாதிக் கதிர் வெறும் சக்கையாக நின்றது.

“அடப் பாவி, வெள்ளாமையப் பூராம் கிளிக்கு விட்டியா? போ, போய் அதப் பாரு. துணிய நான் பாத்துக்கிறேன்.”

“பறவதான் ஒண்ணும் பண்ணலையேக்கா...”

“எதுக்கும் இருக்கட்டும்லே. கவணக் குடு.”

ஒச்சாண்டி பரண்மேல் ஏறினான். கிளிகளை விரட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கயிற்றின் மேலேயே ஒரு புறா வந்து உட்கார்ந்திருந்தது, இரண்டு துணிக்கு நடுவில். சுப்புத்தாய் கவணில் கல்லை வைத்துக் கையை ஓங்கியிருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. புறா கழுத்தை அசைத்து அவளைப் பார்த்தது. அவள் கையை இறக்கினாள். கல்லை எடுத்து வரப்பில் போட்டாள். புறா இறகைக் கோதிக்கொண்டு, அதற்கு எப்போது தோன்றியதோ அப்போது பறந்து போனது. பரணில் நின்றவன் பார்க்காதவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பொழுது சாயும் முன்னால் துணிகளை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்து, சூடு பார்த்து மடித்தாள். அந்தக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா முன்னால் நடக்க, மீசைக்காரத் தம்பி பின்னால் நடந்தான்.

வாசலில் நின்ற பவுனு மதினியின் தலையில் இருந்த கட்டைப் பார்த்ததும் வெளிறிப்போனாள். சுப்புத்தாய் அவளைத் தாண்டிப் போனாள். உள்ளே போய்ச் சூடு ஆறாத துணி ஒன்றை விரித்து, அம்மாவாசியை அதில் கிடத்தினாள். ஆறிய தோலில் வெயிலின் கதகதப்புப் பட்டதும் அவன் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி அவள் கையில் ஓங்கி உதைத்தான்.

“ஒத, நல்லா ஒத” என்றாள் சுப்புத்தாய். அவள் குரல் தெளிவாக இருந்தது. “ஒன் மச்சான் சுருளி இருக்கானே, அவனும் இப்படித்தாண்டா ஒதைப்பான்.”